நீரிறைப்பானியல்: கிள்ளான் பள்ளத்தாக்கு வரவேற்பறைகளில் மீன்தொட்டிப் பம்பு குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

கோலாலம்பூர் தமிழாய்வுக்குப் புதிய ஊரன்று. தனிநாயகம் அடிகளின் முயற்சியில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966 ஏப்ரலில் இங்குதான் கூடியது. பிறகு 1987, 2015, 2023 என மேலும் மூன்று முறை இந்நகரம் அறிஞர்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறது. இலக்கணம், இலக்கியம், தோட்டப்புற வாழ்வு, கணினித் தமிழ் என்று பேச வேண்டியவை பேசப்பட்டுவிட்டன. மீன்தொட்டிப் பம்புக்கென்று ஓர் அமர்வு ஒதுக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

இத்தனைக்கும் அந்தப் பேராளர்களில் எவராவது பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உறவினர் வீட்டு வரவேற்பறையில் பாய் விரித்துப் படுத்திருந்தால், அவர் கேட்ட மிக நீண்ட சொற்பொழிவு பம்பினுடையதாகத்தான் இருந்திருக்கும். தலைமையுரைக்கு மணியடிக்க ஆளுண்டு. பம்புக்கு இல்லை.

இக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வு வினா ஒன்றுதான்: ஒரு வீட்டில் மீன் யாருடையது என்பது எல்லாருக்கும் தெரியும், பம்பு யாருடையது?

2. களமும் முறையும்

பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தனை ஒட்டிய அடுக்குமாடிகளும், கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவிலிருந்து பட்டுச்சேலைப் பையோடு வண்டியேறுவோர் போய் இறங்கும் தாமான் குடியிருப்புகளின் தரைவீடுகளும் ஆய்வுக்களம். தரவு திரட்டும் முறை, தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு. ஒரு கையில் முறுக்கு, மறு கையில் ஆட்டுக்கறிப் பிரட்டல் என்று சோபாவில் உட்காரும் ஆய்வாளரை யாரும் சந்தேகிப்பதில்லை. தொட்டிக்குப் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகவே கிடைக்கும். அங்கே உட்கார்ந்தால் பேசுவது கேட்காது என்று வீட்டாருக்குத் தெரியும்.

இம்முறையில் ஒரு பழுது உண்டு. தீபாவளிக்கு முந்திய வாரம் தொட்டிக் கண்ணாடி பளபளவென்று துடைக்கப்பட்டுவிடும். விருந்தினர் பார்ப்பது கண்ணாடியைத்தான், பம்பை அல்ல. பண்டிகைச் சுத்தம் பம்பை எட்டுவதேயில்லை. அதோடு விருந்துக்கு வந்த பிள்ளைகள் மீனுக்குப் பசிக்குமே என்று முறுக்கை நொறுக்கிப் போடுவதால், பம்பின் ஆண்டுச் சுமையில் ஒரு பங்கு அந்த ஒரே நாளில் ஏறிவிடுகிறது. பழுதைச் சரிக்கட்ட, பலகாரம் வந்த டப்பாவைத் திருப்பித் தரும் சாக்கில் பண்டிகையில்லாத மாதங்களிலும் அதே வீடுகளுக்குப் போக வேண்டியதாயிற்று. டப்பாவை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்ற மரபு ஆய்வுச் செலவை ஓரளவு கூட்டியது.

3. கருவியின் உடற்கூறு

பம்பு எளிய பிறவி. பிசினுக்குள் புதைத்த செப்புக் கம்பிச் சுருள் ஒன்று. அதன் நடுவே ஒரு குழி. குழிக்குள் விரல்நுனிப் பருமனில் ஒரு காந்த உருளை. உருளையின் தலையில் சில இதழ்களோடு ஒரு குட்டி விசிறி. சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையே கம்பியும் இல்லை, பல்சக்கரமும் இல்லை. மின்னோட்டம் திசை மாற மாற, காந்தமும் கூடவே புரளுகிறது. இந்நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அலைவதால், இருமுனைக் காந்தம் நிமிடத்துக்கு 3,000 முறை சுழல வேண்டும். நாளொன்றுக்கு 43 லட்சத்து 20 ஆயிரம் சுற்று. அவ்வீட்டில் இவ்வளவு வேலை செய்துவிட்டு அதைப் பற்றிப் பேசாத வேறு உறுப்பினர் இல்லை.

சிறிய பம்புகளின் காந்தத்துக்கு எந்தப் பக்கம் சுற்றுவது என்ற கொள்கை கிடையாது. சுவிட்சைப் போட்ட நொடியில் எந்தப் பக்கம் தோதுப்படுகிறதோ அந்தப் பக்கம் கிளம்பிவிடும். அதனால்தான் விசிறி இதழ்களை வளைக்காமல் நேராக அமைத்திருக்கிறார்கள்: யார் ஆட்சிக்கு வந்தாலும் தண்ணீர் வந்தாக வேண்டும்.

பம்பின் பெட்டியில் இரண்டு எண்கள் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். மணிக்கு இத்தனை லிட்டர், இத்தனை மீட்டர் உயரம். இரண்டும் உண்மை, ஆனால் சேர்ந்தாற்போல் உண்மையல்ல. அந்த உயரத்துக்கு ஏற்றினால் சொட்டும் வராது. அந்த அளவு தண்ணீர் வேண்டுமானால் ஏற்றவே கூடாது. மாப்பிள்ளை வீட்டார் தரும் விவரக் குறிப்பைப் போல இதையும் நடுவில்தான் வாசிக்க வேண்டும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டியில் விளிம்புவரை நிரப்பினால் 56 லிட்டர் சொச்சம் பிடிக்கும். மணிக்கு நான்கைந்து முறையாவது அந்தத் தண்ணீர் வடிகட்டி வழியே போய்வர வேண்டும் என்பது வளர்ப்போர் வழக்கம். ஆகவே பெட்டியில் 300 என்று போட்ட பம்பு, கழுவாமல் விட்ட ஆறாம் மாதத்தில் எத்தனை தருகிறது என்பதுதான் கேள்வி. பெட்டியைப் பார்க்காமல் குழாய் வாயைப் பார்த்தால் விடை தெரியும்.

4. அழுக்கும் ஒலியும்

மேல்நாட்டு நூல்கள் பம்பின் முதற்பகை சுண்ணப் படிவு என்றும், அதற்கு மருந்து வினிகர் என்றும் சொல்லும். அவை கடின நீர் ஊர்களில் எழுதப்பட்டவை. நமக்கு வருவது ஆற்று நீர், பொதுவாக மென்னீர். பவளக்கல் போட்டு அழகு பார்க்கும் தொட்டிகளைத் தவிர்த்தால், இங்கே வெள்ளைப் படிவைவிடப் பழுப்புப் பிசுக்கே பெரும்பகை. காரணம் வெப்பம். 15 பாகை நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் உயிர்வளி கரைந்திருக்க முடியும்; நம் வரவேற்பறையின் 30 பாகையில் அது ஏழரைக்கு இறங்கிவிடுகிறது. மீனுக்கு மூச்சு குறைவு, பிசுக்குக்கு வளர்ச்சி அதிகம். ஆகவே அந்த நூல்களில் எழுதியிருக்கும் இடைவெளியை அப்படியே நம்பினால் இங்கே பம்பு ஒத்துழைக்காது.

பிசுக்கை அடுத்து இழை: பாசி, செடி வேர், பஞ்சு நூல், தலைமுடி. மூன்றாவது திண்மம்: மணலும் நத்தையும். விசிறியை நிறுத்துவதில் பேர்போன ஒரு சிறு கூம்பு நத்தை உண்டு. பகலெல்லாம் மணலுக்குள் உறங்கி இரவில் உலாவும். ஆணின் துணையின்றியே குட்டி போடும். மீன் வளர்ப்போர் உலகில் அதற்கு மலேசிய எக்காள நத்தை என்று பெயர். ரப்பரும் வெள்ளீயமும் பாமாயிலும் போக, எங்கோ ஓர் ஐரோப்பிய வீட்டு வரவேற்பறையில் நள்ளிரவில் பம்பை நிறுத்தி நாட்டின் பெயரை நினைவூட்டும் ஏற்றுமதி இது ஒன்றுதான்.

பம்பின் ஒலிகளைத் தமிழிலக்கணம் முன்பே வகுத்து வைத்திருக்கிறது. பொருத்திப் பார்ப்பது மட்டுமே நம் வேலை. நலமாக ஓடும் பம்பு மெல்லினம்: ம்ம்ம். பிசுக்கு சேர்ந்தாலோ தண்ணீர் மட்டம் இறங்கிக் காற்றை இழுத்தாலோ இடையினம்: ர்ர்ர். நத்தை நுழைந்தாலோ அச்சு முறிந்தாலோ வல்லினம்: டக், டக். கடைசியில் ஒரே ஒரு ஆய்தம், அப்புறம் ஒன்றுமில்லை. மெல்லினத்திலிருந்து இடையினத்துக்கு மாற மாதங்கள் ஆகலாம். வல்லினத்திலிருந்து ஆய்தத்துக்கு ஓர் இரவு போதும். வீட்டார் விழித்துக்கொள்வது அநேகமாக வல்லினத்தில்தான்.

5. உரிமை பற்றிய சிக்கல்

மீன்தொட்டியில் ஒவ்வொன்றுக்கும் உரியவர் உண்டு. மீனை வாங்கியவர் அப்பா. 2000களின் தொடக்கத்தில் லோஹான் மீன் மோகம் இப்பள்ளத்தாக்கைப் பிடித்து ஆட்டியபோது, அதன் நெற்றிக் கொண்டையையும் உடம்பின் கரும்புள்ளிகளையும் உற்றுப் பார்த்து நாலு நம்பர் லாட்டரி எழுதியவர்களில் நம்மவர்களும் அடக்கம். மோகம் தணிந்தபின் சிலர் கெலிசா எனும் அரவானாவுக்குத் தாவினார்கள். அந்த மீன் வகை 1975 முதல் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலின் முதல் இணைப்பில் இருப்பதால், பண்ணையில் பிறந்தது என்ற சான்றிதழும் உடலுக்குள் ஒரு சில்லும் வைத்தே விற்கிறார்கள். மீனுக்கு அடையாள எண் உண்டு. அதைத் தாங்கி நிற்கும் பம்புக்கு உத்தரவாத அட்டைகூட இல்லை. அது பெட்டியோடு குப்பைக்குப் போயிற்று.

தொட்டி வைக்கும் மூலைக்கு உரியவர் வாஸ்து பார்ப்பவர். அவர் ஈசானியத்தைக் காட்டுவார். மின்செருகித் துளை அக்கினி மூலையில் இருக்கும். இடைப்பட்ட தூரத்தை நீட்டிப்புக் கம்பி கவனித்துக்கொள்ளும். மீனுக்குப் பெயர் வைப்பது பிள்ளைகள். தீனி போடுவது பாட்டி; அவர் கணக்கில் மீன் எப்போதும் பட்டினி. கண்ணாடிப் பாசியைச் சுரண்டும் பொறுப்பு ஈக்கான் பண்டராயா எனும் உறிஞ்சுவாய் மீனுக்கு. அது ஓரடி நீளம் வளர்ந்ததும் யாரோ ஒருவர் புண்ணியம் என்று நினைத்து ஆற்றில் விட்டுவிட, இன்று கிள்ளான் ஆற்றிலும் லங்காட் ஆற்றிலும் அதைப் பிடித்து ஒழிக்க ஆட்கள் இறங்க வேண்டியிருக்கிறது. மீதமிருப்பது பம்பு. அதைப் பற்றிய உரையாடல் எல்லா வீடுகளிலும் ஏறத்தாழ ஒன்றே:

“ஏங்க, பம்பு என்னமோ சத்தம் போடுது.”

“ஓடுதுல்ல?”

“ஓடுது.”

“அப்புறம் என்ன? ஓடுற வரைக்கும் கை வைக்கக் கூடாது லா.”

இவ்வுரையாடலிலிருந்து மூன்று விதிகள் பெறப்படுகின்றன. ஒன்று: ஓடும் பம்பை எவரும் கழுவார். இரண்டு: நின்ற பம்பைக் கழுவும் முறை எல்லாருக்கும் தெரியும்; அவரவர் முறை வேறு. மூன்று: பம்பைக் கழுவியவர் அதை மூன்று பேரிடமாவது சொல்லாமல் இருந்ததாக ஒரு சான்றும் கிடைக்கவில்லை.

6. கழுவும் முறை

முதலில் செருகியைப் பிடுங்கவும். சுவிட்சை அணைத்தால் போதாதா என்பவருக்கு விடை: தண்ணீரில் கை விடுவது நீங்கள், சுவிட்சைப் போடப் போவது பேரன். பம்பின் கம்பி செருகிக்கு ஏறுமுன் ஒரு முறை கீழே தொங்கி வளைந்து போக வேண்டும். கம்பி வழியே வழியும் துளி அந்த வளைவில் சொட்டிவிடும், செருகிக்குப் போகாது.

வாய்ச்சல்லடையைக் கழற்றி, உள்மூடியைக் கால் திருப்புத் திருப்பினால் விசிறி தெரியும். பிடித்து இழுத்தால் உடனே வராது. உள்ளேயிருந்து காந்தம் இழுத்துப் பிடிக்கும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் ‘ப்ளக்’ என்று கைக்கு வரும். கூடவே வருபவை: பழுப்பு நிறத்தில் ஒரு கூழ், அதில் உருளையைச் சுற்றிச் சுற்றி நூற்கண்டு மாதிரி இறுகிய நீளமான முடி ஒன்று. இந்த முடி யாருடையது என்ற விசாரணையை இவ்விடத்தில் தொடங்க வேண்டாம். பல வீடுகளில் கழுவும் பணி அதோடு நின்றுவிடுகிறது.

உருளையின் நடுவே போகும் அச்சு பெரும்பாலும் பீங்கான். அது வளையாது, முறியும். அதன் இரு முனைகளிலும் மிளகளவில் ரப்பர்த் தொப்பிகள் இருக்கும். ஒன்று குறைந்தாலும் பம்பு மறுபடி மெல்லினத்துக்குத் திரும்பாது. அவை விழுமிடம் எப்போதும் கழுநீர்த் தொட்டியின் துளை; ஆகவே துளையை அடைத்துவிட்டுத்தான் பம்பைத் திறக்க வேண்டும். உருளையைப் பழைய பல்துலக்கியால் தேய்க்கலாம். பழையது என்பதை அதன் உரிமையாளரிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது ஆய்வறம். காந்தம் இருந்த குழிதான் முக்கியம், அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை விட்டுச் சுழற்றினால், உள்ளே இன்னொரு சுற்றுக் கூழ் காத்திருப்பது தெரியும்.

சோப்பு கூடாது. பாத்திரம் கழுவும் திரவமும் கூடாது. அலசியபின் ஒட்டியிருக்கும் மிச்சமே மீனுக்கு நஞ்சு. வெள்ளைப் படிவு இருந்தால் மட்டும் தண்ணீர் கலந்த வினிகரில் அரைமணி நேரம் ஊறவைத்து நன்றாக அலசலாம். குத்துவிளக்குக்குப் புளி போடும் பாட்டி பம்புக்கும் அதையே சொல்வார். வேதியியலில் அவர் பக்கம் நியாயம் உண்டு: சுண்ணத்தைக் கரைக்கத் தேவை ஓர் அமிலம், புளியில் அது இருக்கிறது. நார் மாட்டிக்கொள்ளும் என்பதே எதிர்வாதம்.

வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் பிழிவது தீராப் பழி. மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன. இத்தகைய உயிர்கள் உண்டென்று 1890 வாக்கில் செர்கை வினோகிராட்ஸ்கி மண்ணிலிருந்து பிரித்துக் காட்டினார். அவர் அரும்பாடுபட்டுக் கண்டதைக் குழாய்நீரின் குளோரின் சில நிமிடங்களில் காலிசெய்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீரில் பிழிந்தால் போதும். பஞ்சு வெள்ளையாக வேண்டியதில்லை. தண்ணீர் போக வழி விட்டால் போதும்.

பூட்டிய பம்பைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, சற்றுச் சாய்த்து, உள்ளிருக்கும் காற்றுக் குமிழிகள் வெளியேறியபின் செருகியைப் போடவும். வெளியே வைத்து ‘ஓடுதா பார்ப்போம்’ என்பது கொலை முயற்சி. அதற்கு எண்ணெயும் தண்ணீர்தான், விசிறிக் காற்றும் தண்ணீர்தான்.

7. மறுதரப்பு

‘புதிது வாங்கு’ சிந்தனைப்பள்ளியின் தலைமை ஆசிரியர் மீன்கடை முதலாளியான தவுக்கே. கழுவிய பம்பைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் ரப்பர்த் தொப்பி மட்டும் கேட்டால், அவர் நம்மை இரக்கத்தோடு பார்த்து, “அண்ணே, தா பாயா ரிப்பேர், பெலி பாரு லா” என்பார். இப்பள்ளியைச் சேர்ந்த மாணவர் வீட்டை அடையாளம் காண்பது எளிது: தொட்டி நிற்கும் அலமாரியைத் திறந்தால் பழைய பம்புகள் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வரிசையாகக் கிடக்கும். அவற்றுள் பலவற்றுக்கு ஒரு முடியை எடுத்துவிட்டால் உயிர் திரும்பும்.

மின்செலவைக் காட்டிப் பம்பை இரவில் அணைக்கும் இன்னொரு பிரிவும் உண்டு. கணக்கைப் பார்ப்போம். 10 வாட் பம்பு நாள் முழுக்க ஓடினால் 0.24 யூனிட், முப்பது நாளுக்கு 7.2 யூனிட். 2025 நடுவில் கட்டணமுறை மாறும்வரை மின்நிறுவனமான தெனாகா முதல் 200 யூனிட்டுக்கு வாங்கியது யூனிட்டுக்கு 21.8 சென். மாதத்துக்கு 1 வெள்ளி 57 சென். இதை மிச்சம் பிடிக்கப் போய், இரவெல்லாம் நின்ற நீரில் மூச்சு முட்டிய நுண்ணுயிர்கள் மடிந்து, மூடிய வடிகட்டிக்குள் நாறிய தண்ணீரைக் காலையில் மீனின் தலையிலேயே கொட்டுகிறார்கள். மிச்சமான பணத்தில் தே தாரிக் ஒன்று வாங்குவதற்கே யோசிக்க வேண்டும்.

8. கால அட்டவணை

எப்போது கழுவுவது? மாதம் ஒரு முறை என்று எழுதிவிடலாம். யாரும் செய்ய மாட்டார்கள் என்பது முதல் விதியிலேயே நிறுவப்பட்டது. வெளியிலிருந்து ஓர் அதிர்ச்சி வந்தால்தான் இப்பள்ளத்தாக்கு மக்கள் தண்ணீரைப் பற்றி நினைக்கிறார்கள். அந்த அதிர்ச்சிக்கு இங்கே பஞ்சமில்லை. 2020 செப்டம்பர் 3 அன்று ரவாங் பக்கம் ஆற்றில் கலந்த கழிவால் நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றபோது 1,292 பகுதிகளில் குழாய் வறண்டது. பகாங்கின் செமந்தான் ஆற்றிலிருந்து தித்திவங்சா மலைக்கு அடியில் 44.6 கிலோமீட்டர் குடைந்து தண்ணீர் கொண்டுவர வழி செய்தாயிற்று. அப்புறமும் பராமரிப்புக்காக நீர்த்தடை என்ற அறிவிப்பு வந்துகொண்டேதான் இருக்கிறது.

அந்த அறிவிப்பையே நாள்காட்டியாகக் கொள்க. கைப்பேசியில் நீர் நிறுவனமான ஆயர் சிலாங்கூரின் அறிவிப்பு வந்ததும் வீட்டில் உள்ள வாளி, குடம், அண்டா எல்லாம் நிரம்பிவிடும். தடை முடிந்தபின் மிஞ்சும் அந்த வாளிகளை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. நாளிரண்டு திறந்து கிடந்ததில் குளோரின் பெரும்பகுதி போயிருக்கும். பம்பை அலசவும் தொட்டியில் குறைந்ததை ஈடுகட்டவும் தக்க நீர் அது. குழாயில் முதலில் திரும்பிவரும் செந்நீரைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. நகரத்தின் பம்பை ஆயர் சிலாங்கூர் கழுவி முடித்ததும் நம் பம்பை நாம் கழுவுவது என்ற இந்த ஏற்பாட்டுக்குக் கூடுதல் செலவில்லை, நினைவாற்றலும் தேவையில்லை.

9. முடிவுகள்

ஒன்று. பம்பு யாருடையது என்ற வினாவுக்கு விடை கிடைத்திருக்கிறது. ஓடும் பம்பின் ஒலியில் வீடே தூங்குகிறது. ஒலி நின்றதும் ஒருவர் மட்டும் எழுந்து உட்காருகிறார். பம்பு அவருடையது. அவர் பெரும்பாலும் மீன் வேண்டாம் என்று முதலிலேயே சொன்னவர்.

இரண்டு. வீட்டில் மீனை வாங்கும் உரிமையும் பம்பைக் கழுவும் கடமையும் ஒரே கையில் இருக்க வேண்டும். கெலிசாவுக்குச் சான்றிதழ் வாங்கும்போதே, பம்பின் பெயரில் ஒரு கையெழுத்தையும் வாங்கிக்கொள்வது நலம்.

மூன்று. கையெழுத்துப் போட மறுப்பவருக்குச் சண்டைமீனைப் பரிந்துரைக்கலாம். அதற்கு நீர்மட்டத்துக்கு வந்து நேரடியாகக் காற்றைக் குடிக்கத் தெரியும்; பம்பே வேண்டாம். ஆனால் அடிக்கடி தண்ணீர் மாற்ற வேண்டும் என்பதை, மீன் வீட்டுக்கு வந்து பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்து முடித்தபிறகு சொல்வது உத்தமம்.